பட்டன் இருக்கிற எட்டு வருஷ டயரை மாற்ற வேண்டுமா? மாற்றினால் எதைப் போடலாம்?

ஐயா, நீங்கள் எழுதியதை இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன். 2012 மாடல் டிசையர் டீசல் கார், 165/80 ஆர் 14 டயர் (அகலம் 165 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 80 சதவீதம், உள்ளே உட்காரும் சக்கரம் 14 அங்குலம்). நாலு டயரையும் 2017 கடைசியில் மாற்றியிருக்கிறீர்கள், பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் பள்ளமும் மேடுமான ரப்பர், இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. பாலக்கோடு, தர்மபுரி என்று பக்கத்து ஓட்டம்தான் அதிகம். மாதம் ஒரு தடவை பெங்களூரு, எப்போதாவது தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம். எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டாது. அமெரிக்காவில் இருக்கும் மகன் 'ஆல் சீசன்' டயராகப் பார்த்துப் போடுங்கள் என்கிறார். கடைக்காரர் அகலம் கூடிய 185 டயர் போட்டால் பிடிப்பு நன்றாக இருக்கும் என்கிறார். எந்தக் கம்பெனி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், "பழைய வண்டிதானே, இதற்குப் போய் இவ்வளவு செலவு செய்யணுமா" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் கம்பெனிப் பேச்சைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

டயர் கம்பெனி ஒன்றில் கிளெய்ம் பார்க்கும் வேலையில் பல வருஷம் இருந்தேன். வெடித்தது, வீங்கியது, பிளந்தது என்று வாடிக்கையாளர் திருப்பித் தரும் டயரைப் பிரித்துப் பார்த்து, தவறு தயாரிப்பிலா ஓட்டத்திலா என்று எழுதித் தருவது என் வேலை. இப்போது கிருஷ்ணகிரியில் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை பார்க்கிறேன். கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த மேஜையில் பார்த்ததிலிருந்து வருகிறது.

பழைய வண்டிக்குத்தான் நல்ல டயர் அதிகம் தேவை. இன்று வரும் பல கார்களில் வண்டி வழுக்கத் தொடங்கினால் தானாகவே ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிரேக் கொடுத்துத் திருத்தும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கிறது. டயரில் காற்று இறங்கினால் டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது. உங்கள் 2012 டிசையரில் இரண்டும் கிடையாது. அதிர்வைத் தாங்கும் ஷாக், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் பதிமூன்று வருஷம் உழைத்தவை. மழையில் ஒரு லாரி திடீரென்று முன்னால் நின்றால் உங்களைக் காப்பாற்ற மீதி இருப்பது பிரேக்கும், ரோட்டைத் தொடும் நாலு உள்ளங்கை அகல ரப்பரும்தான். வண்டியின் விலை எவ்வளவு குறைந்தாலும் உள்ளே உட்காருவது அதே குடும்பம்தானே.

சரி, இப்போது இருக்கும் டயர். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்ற எழுத்துகளோடு ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நாலு இலக்கம்தான் தயாரித்த தேதி. 4217 என்றால் 2017-ஆம் ஆண்டின் 42-ஆவது வாரம். நாலு டயரில் இரண்டில் இந்த நாலு இலக்கம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கலாம், குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் ஓடினாலும் கிழமாகும், நின்றாலும் கிழமாகும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் அதை மெல்ல மெல்லக் கெட்டியாக்குகின்றன. இதைத் தடுக்க ரப்பருக்குள் மெழுகும் சில ரசாயனங்களும் சேர்த்திருப்பார்கள். டயர் ஓடி வளைந்து நிமிரும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வந்து கவசமாகின்றன. அதனால் வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் குறைந்த ஓட்ட வண்டியின் டயரில் விரிசல் சீக்கிரம் வருகிறது. தினம் ஓடும் டாக்சியின் டயர் அதற்குள் தேய்ந்தே போய்விடும். உங்களுடையது முதல் வகை.

பகல் வெளிச்சத்தில் சைடுவாலை, அதாவது டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். டிஸ்க்கை (டயர் உட்காரும் சக்கரத்தை) ஒட்டிய இடத்திலும், பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் அடியிலும் கட்டைவிரலால் அழுத்தி விரியுங்கள். மெல்லிய கோடுகள் வரிசையாகத் திறந்தால் ரப்பர் காய்ந்துவிட்டது. நகத்தால் பட்டனை அழுத்தினால் புது டயரில் சின்னப் பள்ளம் விழுந்து உடனே நிமிரும். காய்ந்த டயரில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். இந்த நிலையில் டயர் காய்ந்த ரோட்டில் ஓரளவு சமாளிக்கும். ஈர ரோட்டில் பிடிக்காது.

எத்தனை வருஷம் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் கார் டயருக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. புது டயரில் அது ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டாலே மழையில் பிரேக் தூரம் நன்றாகவே நீண்டுவிடும், 1.6 வரை காத்திருக்காதீர்கள். வயசைப் பொறுத்தவரை, ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் ஆள் வைத்துச் சோதியுங்கள், பத்து வருஷம் ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்று பெரிய டயர் கம்பெனிகள் சொல்கின்றன. நம் வெயிலுக்கு ஆறேழு வருஷமே போதும் என்பது என் கருத்து. இது நான் பார்த்த டயர்களை வைத்துச் சொல்வது, விதி இல்லை. உங்களுடையது எட்டு ஆகிவிட்டது. விரிசலும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். விரிசலே இல்லை என்றாலும் அடுத்த மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.

இதில் ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். 2017-ல் நாலு மட்டும் மாற்றினீர்கள் என்றால் டிக்கியில் இருப்பது வண்டியோடு வந்த 2012 டயராக இருக்கும். ஓடவே இல்லை, பட்டன் புத்தம் புதிதாகத் தெரியும், கடையில் "இதைக் கீழே போட்டுட்டு மூணு மட்டும் வாங்குங்க, மிச்சம்" என்பார்கள். அந்தப் பேச்சுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். பதிமூன்று வருஷ ரப்பர் அது, டிக்கிக்குள் அடைத்த சூட்டில் இருந்தது. பஞ்சரானால் பக்கத்துக் கடை வரை மெதுவாக ஓட்டிப் போகவே தயங்க வேண்டிய டயர். கழற்றும் நாலில் விரிசல் குறைவானதை ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டு அந்தப் பழையதைக் கழித்துவிடுங்கள். முடிந்தால் ஐந்தாகவே வாங்கலாம்.

அடுத்து மகன் சொன்ன ஆல் சீசன். அவர் இருக்கும் இடத்துக்கு அவர் சொல்வது சரி. கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கெட்டியாகிப் பிடிப்பை இழக்கிறது. அதனால் பனி பெய்யும் ஊர்களில் குளிருக்கு என்று மென்மையான ரப்பரும் நிறைய மெல்லிய வெட்டுகளும் கொண்ட தனி டயர் போடுகிறார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றுவதற்குச் சலித்தவர்களுக்காக நடுவாந்தரமாகச் செய்ததுதான் ஆல் சீசன். மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் போட்ட முத்திரை இருந்தால் பனியில் சோதித்துத் தேறியது என்று பொருள். எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) என்று மட்டும் இருந்தால் அது தயாரிப்பாளரே பட்டன் அமைப்பை வைத்துப் போட்டுக்கொள்ளும் குறி. அதற்குப் பனிச் சோதனை கட்டாயம் இல்லை.

ஓசூரில் மார்கழிக் குளிர் எவ்வளவு அடித்தாலும் ரோட்டில் பனி உறையாது. தர்மபுரியில் பயப்பட வேண்டியது அதற்கு நேர் எதிரானது. மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடும் மதியத்தில் தார் ரோட்டின் சூடு 60-ஐத் தாண்டும். குளிருக்காக மென்மையாக்கிய ரப்பர் அந்தச் சூட்டில் குழைந்து சீக்கிரம் தேயும், பிரேக்குக்கு நிற்கும் தூரமும் கூடும். நம் கடைகளில் உங்கள் அளவுக்குக் கிடைக்கும் சாதாரண கார் டயர்கள் எல்லாமே வெயிலுக்கும் மழைக்கும் சேர்த்துச் செய்தவைதான். நமக்கு வருஷம் முழுக்க அதுவே போதும். மகனிடம் அந்த முத்திரையைத் தேட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் அவர் கவலைப்படுவதன் அடிப்படை சரி, ஈரத்தில் பிடிக்கும் டயராகத்தான் தேட வேண்டும்.

இங்கேதான் உங்கள் எட்டாயிரம் கிலோமீட்டர் கணக்கு முக்கியமாகிறது. டயர் செய்பவர்களுக்கு மூன்று ஆசைகள்: நாள்பட உழைக்க வேண்டும், ஈரத்தில் பிடிக்க வேண்டும், எரிபொருள் மிச்சமாக வேண்டும். ஒன்றை ரொம்ப இழுத்தால் மற்றொன்று குறையும். ரப்பரில் சிலிகா என்ற பொருளைச் சேர்த்து இந்தச் சண்டையைக் கொஞ்சம் சமாதானம் செய்திருக்கிறார்கள், முழுசாகத் தீரவில்லை. நம் ஊரில் கடைக்காரரும் வாங்குபவரும் முதலில் பேசுவது கிலோமீட்டர்தான். ஒரு லட்சம் ஓடும் என்று விளம்பரம் செய்யும் டயர்கள் இருக்கின்றன. தினம் இருநூறு, முந்நூறு ஓடும் கால் டாக்சிக்கு அது லாபம். நீங்கள் ஆறு வருஷம் ஓட்டினாலும் 48,000 கிலோமீட்டர்தான் வரும். ஒரு லட்சத்தை எட்டப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் ரப்பர் காய்ந்துவிடும். அனுபவிக்கவே போகாத உழைப்புக்குக் காசு கொடுத்து, அதற்கு விலையாக ஈரப் பிடிப்பை விட்டுக்கொடுக்கிறீர்கள். உங்களைப் போன்றவர்கள் ஐம்பதாயிரம் தாங்கினால் போதும் என்று முடிவு செய்து, மழையில் நன்றாக நிற்பதை வாங்க வேண்டும். குறைந்த ஓட்ட வண்டிக்காரர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

185 விஷயம். கடைக்காரர் சொல்வது 185/70 ஆர் 14 என்றால், மொத்த உயரம் உங்கள் பழைய டயரைவிட 5 மில்லிமீட்டர்தான் குறையும், அதே டிஸ்க்கில் உட்காரும். ஆபத்து ஒன்றும் இல்லை. காய்ந்த ரோட்டில் வளைவுப் பிடிப்பு கொஞ்சம் கூடும். ஆனால் ஸ்டீயரிங் சற்றுக் கனக்கும், மைலேஜ் கொஞ்சம் குறையும், தேங்கிய தண்ணீரில் அகலமான டயர் சீக்கிரம் மிதக்கும். உங்கள் ஓட்டத்துக்குத் தேவையில்லை. 175/70 ஆர் 14 என்று எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது 19 மில்லிமீட்டர் குட்டை, ஸ்பீடோமீட்டர் மூன்று சதவீதம் கூட்டிக் காட்டும், நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களில் அடியும் தட்டும். கம்பெனி கொடுத்த 165/80 ஆர் 14-ஐயே போடுங்கள். அளவுக்குப் பக்கத்தில் 85 டி (85T) என்பது போல ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், எண் 85-க்குக் கீழே மட்டும் போகக்கூடாது.

நாலையும் ஒரே சமயத்தில் மாற்றுவதே நல்லது. இப்போதைக்கு இரண்டுதான் முடியும் என்றால், புது இரண்டும் பின்னால் போக வேண்டும். முன் சக்கரம்தான் இழுக்கிறது, முன்னால்தான் தேய்கிறது, அதனால் புதுசு முன்னால் என்று பெரும்பாலான கடைகளில் போட்டுவிடுவார்கள். காய்ந்த ரோட்டில் வித்தியாசம் தெரியாது, ஈரத்தில்தான் தெரியும். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். வெயில் காலம் முடிந்து முதல் மழை விழும்போது லாரிகள் சிந்திய டீசலும் ஆயிலும் ரோட்டின் மேலே மிதந்து வரும். இறக்கத்து வளைவில் பிரேக் மிதிக்கிறீர்கள், பாரம் முன்னால் போகிறது, பின்பக்கம் லேசாகிறது. அப்போது தேய்ந்த டயர் பின்னால் இருந்தால் வால் பக்கம் விலகி வண்டி சுற்றும். எவ்வளவு பழகிய டிரைவராலும் அதை ஸ்டீயரிங்கில் பிடிப்பது கஷ்டம். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், பெடலிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். இந்த விஷயத்தில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. கடையில் வாக்குவாதம் வந்தாலும் பின்னால்தான் போடச் சொல்லுங்கள்.

கம்பெனி. இது நான் அடித்துச் சொல்லாத பகுதி. எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட், ஜே.கே., பிரிட்ஜ்ஸ்டோன், மிஷலின், யோகோஹாமா என்று எதை எடுத்தாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் இங்கே விற்க முடியாது. 2022-ல் மத்திய அரசு ஈரப் பிடிப்பு, உருள் தடை (டயர் உருளும்போது வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் எதிர்ப்பு), சத்தம் மூன்றுக்கும் குறைந்தபட்ச அளவு வைத்து அறிவிப்பு வெளியிட்டது. ஆக, அடிமட்டத் தரம் என்று ஒன்று உறுதி. அதற்கு மேல் ஒரே கம்பெனியிலேயே ஒரு மாடல் உழைப்புக்கு, இன்னொன்று பிடிப்புக்கு என்று இருக்கும். அதனால் கம்பெனியைக் கேட்காமல் மாடலைக் கேளுங்கள்: "இதில் மழைக்கு நல்லது எது, ஓட்டத்துக்கு நல்லது எது?" என்றே கேட்கலாம். நானாக இருந்தால் நடுத்தர விலையில் ஈரப் பிடிப்பை முன்வைக்கும் மாடலை எடுப்பேன். அதைவிட முக்கியம் தேதி. ஏழெட்டு மாதத்துக்குள் தயாரித்தது, நாலிலும் கிட்டத்தட்ட ஒரே வாரம், டிஸ்க்கில் ஏற்றுவதற்கு முன்பே நீங்களே படித்துப் பாருங்கள். ஏற்றிய பிறகு பேச முடியாது. பிரபல கம்பெனியின் மூன்று வருஷப் பழைய ஸ்டாக்கைவிட அடுத்த கம்பெனியின் புது டயர் மேல். பில்லில் டயர் நம்பர்களை எழுதி வாங்கினால்தான் பிறகு கிளெய்முக்குப் போக முடியும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் அதையும் பாருங்கள்.

நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் கிடைக்கும் செகண்ட் ஹேண்ட் டயர், தேய்ந்த டயருக்குத் திரும்பப் பட்டன் போட்ட ரீபட்டன் (ரீட்ரெட்) டயர் இரண்டும் காருக்கு வேண்டவே வேண்டாம். லாரி டயர் ரீட்ரெட் செய்வதற்கென்றே கட்டப்பட்டது, அது வேறு கதை. கார் டயரில் சூடான கத்தியால் பள்ளம் வெட்டிப் பட்டன் காட்டினால், உள்ளே இருக்கும் கம்பி வலைக்கும் ரோட்டுக்கும் நடுவே ரப்பரே மிச்சம் இருக்காது.

வாங்கிய பிறகு டயரைக் கொல்வது பெரும்பாலும் காற்றுக் குறைவு. "வெயில் காலத்தில் காத்து கம்மியா அடிங்க, சூட்டில் வெடிச்சிடும்" என்று பஞ்சர் கடையில் சொல்வார்கள். நடப்பது நேர்மாறானது. காற்றுக் குறைவான டயரின் சைடுவால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடிந்து நிமிர்கிறது, அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. வெடித்தது என்று என் மேஜைக்கு வரும் டயரின் உள்ளே கையை விட்டால் விரலில் கருப்பாக ரப்பர் பொடி ஒட்டும். சைடுவாலின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு பட்டையாகத் தேய்ந்திருக்கும், சிலதில் நூல் வெளியே நிற்கும். வெளியே பார்த்தால் பட்டன் அருமையாக இருக்கும். ஓட்டியவர் "கல்லு கூட குத்தலைங்க" என்பார், அது உண்மையாகவும் இருக்கும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதிய அளவை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது அடியுங்கள். ஐந்தாறு டிகிரி சூடு ஏறினால் காற்றழுத்தம் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. ஏறும். கம்பெனி அதைக் கணக்கில் வைத்துத்தான் எழுதியிருக்கிறது, பெங்களூரு போய் இறங்கியதும் சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள். நைட்ரஜனுக்குக் காசு செலவு செய்ய வேண்டியதில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

டயர் மாற்றும்போது நாலு வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பேலன்சிங்கும் அலைன்மெண்ட்டும் அதே நாளில் செய்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு வேலை: கழற்றிய பழைய டயர்களை வரிசையாகப் படுக்க வைத்துத் தேய்மானத்தைப் பாருங்கள். ஓரம் இரண்டும் தேய்ந்து நடு நிற்கிறதா, காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருக்கிறதா, காற்று அதிகம். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட், அல்லது லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் தாங்கும் கை) புஷ் போயிருக்கலாம். இரண்டில் எது என்று வண்டியை லிஃப்டில் ஏற்றி ஆட்டிப் பார்க்காமல் எழுத்தில் சொல்ல முடியாது. புஷ் போயிருந்தால் அதை மாற்றாமல் அலைன்மெண்ட் மட்டும் செய்வது வீண், கம்ப்யூட்டரில் பச்சை காட்டும், இரண்டு ஸ்பீடு பிரேக்கர் தாண்டியதும் கலைந்துவிடும். உங்கள் ஆர்.சி.க்கு 2027-ல் பதினைந்து வருஷம் முடிகிறது, புதுப்பிக்க எப்படியும் வண்டியைக் காட்ட வேண்டும். அதனால் புஷ் செலவை இப்போதே செய்துவிடலாம். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் அவசரப்படாமல் ஓட்டுங்கள், புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு தேயும் வரை பிடிப்பு முழுசாக வராது. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்மானத்தைப் படம் எடுத்து இங்கே போட்டால், முன் இரண்டு எது, பின் இரண்டு எது என்று எழுதிப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.